திடலில் பார்த்த படம் மீண்டும் திரைக்கு வரும்போது: அது அதே படம்தானா?

புக்கிட் பெருந்துங் – திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படம் பார்த்த பிள்ளைகளுக்கு எம்.ஜி.ஆர். இடக்கைக்காரர். தோட்டத் திடலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் போட்ட காலத்தில், முன்பக்கம் பாய் விரிக்க இடம் கிடைக்காதவர்கள் பின்பக்கம் போய்விடுவார்கள். மெல்லிய துணி என்பதால் அங்கும் படம் தெரியும். ஆனால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாறித் தெரியும். ‘ஆயிரத்தில் ஒருவன்’ வாள் சண்டையில் எம்.ஜி.ஆரும் நம்பியாரும் இடக்கையால்தான் மோதிக்கொள்வார்கள். பெயர் எழுத்துகளைப் படிக்க முடியாது. அதைப் பற்றி யாருக்குக் கவலை?

அந்தப் படம் வெளிவந்த ஆண்டு 1965. அன்று பத்து வயதாக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். தோட்டத்து லயம் போய், புக்கிட் பெருந்துங், புக்கிட் செந்தோசா என்று ஏதோ ஒரு தாமானில் பிள்ளைகளோடு இருக்கிறார். ஆஸ்ட்ரோவில் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்தாகிவிட்டது. பேரனின் கைப்பேசியிலும் அது இருக்கிறது. இருந்தும், பழைய படம் ஒன்று மீண்டும் திரையரங்கிற்கு வருகிறது என்று கேள்விப்பட்டால் அவருக்கு ஆசை வந்துவிடுகிறது. மனப்பாடமாகத் தெரிந்த படத்தை இன்னொரு முறை பார்க்கக் காசு கொடுப்பானேன் என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, பழைய படம் எப்படித் திரும்பி வருகிறது, வருவது பழைய படமேதானா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

திடலுக்கு வந்த படம்

மலாயாவின் தோட்டப்புறங்களுக்குப் படம் இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று அரசாங்க வழி. 1946இல் தொடங்கப்பட்ட மலாயன் பிலிம் யூனிட் எடுத்த செய்திப் படங்களையும் விளக்கப் படங்களையும் தகவல் இலாகா வண்டிகள் தோட்டம் தோட்டமாகக் கொண்டு போய்க் காட்டின. 1948இல் தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இந்த வண்டிகளுக்கு வேலை அதிகம். மக்கள் மனத்தைக் கம்யூனிஸ்டுகள் பக்கம் போகாமல் பிடித்து வைப்பது அரசாங்கத்தின் நோக்கம். பிள்ளைகளுக்கோ படம் என்றால் படம்தான்.

மற்றொன்று, தோட்ட நிர்வாகமோ கோயில் குழுவோ பணம் கட்டி வரவழைக்கும் படம். சம்பளம் போட்ட வாரம், தீபாவளி, கோயில் திருவிழா என்று நாள் பார்த்துப் போடுவார்கள். இப்படிச் சுற்றி வந்த படச்சுருள்கள் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. திரையரங்குகளில் ஓடிய 35 மில்லிமீட்டர் சுருளைவிடச் சிறியவை, தூக்கிச் செல்ல எளிதானவை. ஒரு பெரிய சுருள் முக்கால் மணி நேரம்தான் ஓடும். படக்கருவி ஒன்றே ஒன்று என்றால், சுருள் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். அந்த நேரத்தில் விளக்கு எரியும், குழந்தைகள் அழும், கச்சாங் பூத்தே விற்பனை நடக்கும், யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு எழ வேண்டும் என்றாலும் பாதியில் எழுந்து போகிறவர்கள் குறைவு.

பட்டணத்துக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே படம் வேறு மாதிரி இருந்தது. 1920களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட கோலாலம்பூர் கொலிசியம் போன்ற அரங்குகளில் வண்ணம் பளிச்சென்று இருக்கும், சத்தம் நெஞ்சில் அடிக்கும். திடலில் ஓடிய சிறிய சுருளோ பல கைகள் மாறி, பல தோட்டங்கள் சுற்றி, கீறல் விழுந்து வந்திருக்கும். அறுந்த இடத்தில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். தோட்டத்தில் மட்டுமே பார்த்தவர்கள், தாங்கள் பார்த்த படம் முழுப் படமா என்பதைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. ‘ஆயிரத்தில் ஒருவன்’ கதை, காயம்பட்ட புரட்சிக்காரர்களுக்கு மருத்துவம் பார்த்த குற்றத்துக்காக ஒரு வைத்தியரைக் கப்பலில் ஏற்றி, வேற்றுத் தீவில் அடிமையாக விற்பது பற்றியது. விலைக்கு வாங்கியவனின் நிலத்தில் அவர்கள் வேலை செய்கிறார்கள். ஒரு நாள் கூட்டாகத் தப்பிக்கிறார்கள். ஹாலிவுட் கடற்கொள்ளைப் படங்களின் சாயல் அதில் இருக்கிறது என்று விமர்சகர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். பாட்டனும் பாட்டியும் கப்பலேறி வந்த கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள், அதைப் பால்மரக் காட்டுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தபோது அது வெறும் கடற்கொள்ளைக் கதையாக இருந்திருக்குமா?

பெட்டிக்குள் கிடந்தவை

பழைய தமிழ்ப் படங்களை மெருகூட்டித் திரும்பக் கொண்டு வரும் இன்றைய போக்குக்கு வழி திறந்த படம் ‘கர்ணன்’. பி.ஆர்.பந்துலு தயாரித்து இயக்கியது, 1964 பொங்கலுக்கு வந்தது. சிவாஜி கணேசன் கர்ணனாகவும், என்.டி.ராமாராவ் கிருஷ்ணனாகவும் நடித்தனர். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை. பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்டும், முதல் வெளியீட்டில் எதிர்பார்த்த அளவுக்கு அது போகவில்லை. நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2012 மார்ச்சில், சென்னையின் திவ்யா பிலிம்ஸ் அதைச் சீரமைத்து வெளியிட்டபோது நூறு நாளைத் தாண்டி ஓடியது. புதுப்படங்கள் இரண்டு வாரம் தாங்கினாலே விழா எடுக்கும் காலத்தில் இது நடந்தது.

அதே நிறுவனம் 2014 மார்ச்சில் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தைக் கொண்டு வந்தது. அதுவும் பந்துலு இயக்கியதுதான். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்த படம் அது. சென்னையில் வெள்ளிவிழா கண்டது. சிவாஜி ரசிகர்களுக்கு ஒன்று, எம்.ஜி.ஆர். ரசிகர்களுக்கு ஒன்று என்று கணக்கு நேராகிவிட்டது. தோட்டத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றவர்களின் நாயகர்கள் இருவருக்கும் பெரிய வெற்றியைத் தேடித் தந்த இயக்குநர் ஒருவரே என்பது இன்னமும் பலருக்குத் தெரியாது.

பிறகு இந்தப் போக்கு மெல்ல இளையவர்கள் பக்கம் திரும்பியது. 2004இல் வந்த ‘கில்லி’, 2024 ஏப்ரல் 20ஆம் தேதி மீண்டும் வந்தபோது, முதல் முறை பிறக்காதவர்கள்கூட இருக்கையை விட்டு எழுந்து ஆடினார்கள். அந்த ஆண்டின் முதல் மாதங்களில் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்குக் கூட்டம் சேர்க்கும் புதுப்படம் இல்லாமல் போனதும் ஒரு காரணம். அரங்கைக் காலியாக வைப்பதைவிட, வெற்றி உறுதியான பழைய படத்தைப் போடுவது மேல் என்று உரிமையாளர்கள் கண்டுகொண்டார்கள். 1999இல் வந்த ‘படையப்பா’, ரஜினிகாந்தின் 75ஆவது பிறந்தநாளான 2025 டிசம்பர் 12ஆம் தேதி திரும்பி வந்தது. ஆக, ‘பழைய படம்’ என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிட்டது. தாத்தாவுக்கு 1965, அப்பாவுக்கு 1999, மகளுக்கு 2004.

ஆனால், திரும்பி வர முடிந்தவை கொடுத்து வைத்தவை. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. இன்று அதன் ஒரு பிரதிகூட எங்கும் இல்லை. பழைய படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட்டால் ஆனது. அதற்குப் பின் வந்த அசிட்டேட் சுருள் அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது. ஆனால், ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் வினிகர் வாடை அடிக்கத் தொடங்கி, சுருங்கி, முறுக்கிக்கொண்டு அழியும். நம் வட்டாரங்களில் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் பஞ்சமா? அக்கால வண்ணப் பிரதிகளில் நீலச் சாயம் முதலில் வெளுத்துப் போவதால், வானமும் காடும் முகமும் எல்லாமே இளஞ்சிவப்பாகிவிடும். பழைய எம்.ஜி.ஆர். படங்கள் சிவந்து தெரிந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள், அது ஒப்பனையின் குறையோ படக்கருவியின் குறையோ அல்ல என்பதை இப்போதாவது தெரிந்துகொள்ளலாம்.

இரண்டரை லட்சம் படங்கள்

சீரமைப்பு என்பது ஒரு பொத்தானை அழுத்தும் வேலை அல்ல. திரையில் ஒரு விநாடிக்கு 24 நிழற்படங்கள் ஓடுகின்றன. மூன்று மணி நேரப் படத்தில் அப்படி 2,59,200 நிழற்படங்கள். 35 மில்லிமீட்டர் சுருளாக நீட்டினால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர்.

முதலில் மூல நெகட்டிவ் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அது சென்னையின் ஏதாவது ஒரு லேப்பில் அடியில் கிடக்கும், அல்லது கிடைக்காது. கிடைக்காவிட்டால், இருக்கும் பிரதிகளில் நல்லதாக ஒன்றைப் பிடிக்க வேண்டும். அதைக் கழுவி, கிழிந்த துளைகளை ஒட்டி, ஒவ்வொரு நிழற்படத்தையும் தனித்தனியாக ஸ்கேன் செய்வார்கள். 4கே என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது ஒவ்வொரு நிழற்படமும் குறுக்கே சுமார் 4,000 புள்ளிகளாகப் பதிவாகிறது என்பதைக் குறிக்கும். அதன் பிறகு தூசு, கீறல், நடுக்கம் ஆகியவற்றைக் கணினியில் நீக்க வேண்டும். மென்பொருள் பாதி வேலையைச் செய்யும். மீதியை ஆள் உட்கார்ந்து பார்த்துத்தான் செய்ய வேண்டும். மழைத் துளியைக் கீறல் என்று நினைத்து மென்பொருள் அழித்துவிடும் அபாயம் எப்போதும் உண்டு. வெளுத்துப்போன வண்ணத்தை மீட்பது அடுத்த வேலை. கடைசியில் ஒலி. அன்று எல்லாச் சத்தமும் ஒரே தடத்தில் பதிவானது. அதைப் பிரித்து, இன்றைய அரங்கில் சுற்றியுள்ள ஒலிபெருக்கிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். சில இடங்களில் பின்னணி இசையைப் புதிதாக வாசித்துச் சேர்ப்பதும் உண்டு.

இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. எது வரை செய்தால் சீரமைப்பு? எதற்கு மேல் போனால் அது வேறு படம்?

‘கர்ணன்’, ‘ஆயிரத்தில் ஒருவன்’ இரண்டும் எடுக்கப்பட்ட காலத்தில் தமிழில் அகலத்திரை கிடையாது. முதல் தமிழ் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல்தான் வந்தது. அதற்கு முந்தைய படங்கள் கிட்டத்தட்டச் சதுரமான சட்டத்துக்குள் எடுக்கப்பட்டவை. மீண்டும் வந்தபோது இவ்விரண்டும் இன்றைய அகலத் திரைக்கு ஏற்ப மாற்றப்பட்டன. சதுரத்தை அகலமாக்க இரண்டே வழி. இழுத்தால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். அதனால் மேலும் கீழும் வெட்ட வேண்டும். கணக்குப்படி, அப்படி முழுமையாக மாற்றினால் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். எதை விடுவது, எதை வைப்பது என்று காட்சிக்குக் காட்சி யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். ஒளிப்பதிவாளர் உட்கார்ந்து யோசித்து வைத்த சட்டம் அதுவல்ல. திரையின் இரு பக்கமும் கறுப்பாக விட்டுவிட்டு மூலச் சட்டத்திலேயே காட்டுவதுதான் நேர்மையான வழி. உலகத் திரைப்படக் காப்பகங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால், காசு கொடுத்த ரசிகர் ‘திரை ஏன் நிறையவில்லை’ என்று கேட்பார் என்ற பயம் வியாபாரிகளுக்கு இருக்கிறது. திடலில் தொங்கிய துணியில் தலை முதல் கால் வரை தெரிந்த எம்.ஜி.ஆர்., பல லட்சம் செலவு செய்த திரையில் இடுப்பு வரைதான் தெரிகிறார் என்பது ஒரு வேடிக்கை.

அதைவிடப் பெரிய மாற்றங்களும் நடக்கின்றன. 2002இல் வந்த ‘பாபா’வை 2022 டிசம்பரில் நீளம் குறைத்து, சில காட்சிகளுக்கு ரஜினிகாந்தே புதிதாகக் குரல் கொடுத்து வெளியிட்டார்கள். நடித்தவரே முன்வந்து செய்ததால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடந்தது வேறு. தனுஷ் நடித்த இந்திப் படம் ‘ராஞ்சனா’வின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’யை, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவை மாற்றி வெளியிட்டார்கள். 2013இல் இறந்துபோன நாயகன் இதில் பிழைத்துக்கொள்கிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். படத்தின் உரிமை தயாரிப்பு நிறுவனத்திடம் இருப்பதால் வெளியீடு நிற்கவில்லை.

அந்த வழியில் போனால், நாளை கர்ணன் குருக்ஷேத்திரத்தில் சாகாமல் எழுந்து வீட்டுக்குப் போகலாம். சிரிப்பதற்கு இல்லை. ஒரு படத்தை மீண்டும் பார்க்கப் போகிறவர், தான் ஒரு முறை அழுத இடத்தில் மீண்டும் அழத்தான் போகிறார். அந்த இடத்தை எடுத்துவிட்டால் அவருக்குப் பார்க்க என்ன மிச்சம்? மறுவெளியீட்டுச் சுவரொட்டியில் ‘புதிய வடிவம்’, ‘புதிய முடிவு’ என்ற சொற்கள் இருந்தால், டிக்கெட் எடுக்குமுன் ஒரு முறை விசாரிப்பது நல்லது.

கைப்பேசியில் இல்லாதது

வெட்டு, ஒட்டு எல்லாம் போகட்டும். வீட்டில் கிடைக்காத ஒன்று அரங்கில் கிடைக்கிறது. இருட்டில் பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார். வீட்டில் பார்க்கும்போது நடுவில் குக்கர் விசில் அடிக்கும், வாட்ஸ்அப் வரும், பிடிக்காத இடத்தை விரலால் தள்ளிவிடலாம். அரங்கில் தள்ள முடியாது. மெதுவாகப் போகும் காட்சியையும் மற்றவர்களோடு சேர்ந்து கடக்க வேண்டும். நகைச்சுவைக் காட்சிக்குத் தனியாகப் புன்னகைப்பவர், நூறு பேரோடு சேர்ந்தால் வாய்விட்டுச் சிரிப்பார். அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரிந்த படத்தில் இது இன்னும் கூடும். வசனம் வருமுன்பே அரங்கு அதைச் சொல்லிவிடும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் என்று இந்த வட்டாரத்தில் சொல்லிக்கொண்டே போகலாம். பால்மரம் செம்பனையானது, செம்பனை சில இடங்களில் வீடமைப்பானது, மக்கள் ஆளுக்கொரு தாமானுக்குப் போனார்கள். ஒரே திடலில் பாய் விரித்த குடும்பங்கள் இப்போது கல்யாணத்திலும் சாவு வீட்டிலும்தான் பார்த்துக்கொள்கின்றன. 1980களில் வீடியோ கேசட் வந்து திடலைக் காலி செய்தது, அதன் பிறகு தோட்டமே காலியானது. இப்படிச் சிதறியவர்களின் வாழ்க்கையைத் திரையில் காட்டிய மலேசியத் தமிழ்ப் படமும் நம்மிடம் உண்டு. சஞ்சை குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015இல் வந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தமிழ்நாட்டின் பழைய நட்சத்திரப் படங்களுக்குக் கொடுக்கும் மறுவாய்ப்பில் ஒரு பங்கை இதற்கும் கொடுக்கலாமே.

புக்கிட் பெருந்துங்கிலிருந்து போவதென்றால்

ஆசை சரி, போய்ச் சேருவது எப்படி? இங்கிருந்து படம் பார்க்க ரவாங் பக்கமோ, இன்னும் தள்ளி செலாயாங், கோலாலம்பூர் பக்கமோ இறங்க வேண்டும். கார் இருப்பவர்களுக்குச் சிரமமில்லை. ராசா, பத்தாங் காலி, செரண்டா நிலையங்களில் கொமுட்டர் நின்றாலும், இரவுக் காட்சி முடிந்து வீடு திரும்புவது முதியவர்களுக்கு எளிதல்ல. மறுவெளியீட்டுப் படங்கள் பெரும்பாலும் சில அரங்குகளில், சில நாள்கள் மட்டுமே ஓடும். கூட்டம் இல்லையென்றால் காட்சி நேரம் இரவு பத்து மணிக்குத் தள்ளப்படும். வெள்ளிக்கிழமை வருகிறது என்று கேள்விப்பட்டு அடுத்த வாரம் போகலாம் என்று வைத்தால், படம் போயிருக்கும். முதல் சனி, ஞாயிறு பகல் காட்சிதான் முதியவர்களுக்கு ஏற்றது.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. ஜி.எஸ்.சி., டி.ஜி.வி. போன்ற திரையரங்கு நிறுவனங்கள், ஒரு முழு அரங்கையும் குழுவாக முன்பதிவு செய்ய அனுமதிக்கின்றன. தாமான் குடியிருப்போர் சங்கமோ, கோயில் நிர்வாகமோ, முன்னாள் தமிழ்ப்பள்ளி மாணவர்களோ ஒன்றுசேர்ந்தால், ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்குத் தங்களுக்கு வசதியான நேரத்தைக் கேட்கலாம், ஒரு பேருந்தும் பிடிக்கலாம். முன்பு தோட்டக் கோயில் குழு படம் வரவழைத்ததும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். அன்று படம் ஊருக்கு வந்தது, இன்று ஊர் படத்துக்குப் போகும்.

அந்தக் காலம்போலத் திடலிலேயே திரை கட்டினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கட்டலாம். ஆனால், யூடியூப்பிலிருந்தோ பழைய டிவிடியிலிருந்தோ எடுத்துப் பொதுவில் போட முடியாது. படத்தின் உரிமை யாரிடம் என்று கேட்டு அனுமதி வாங்க வேண்டும். 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் பெற்ற பிரதியாகவும் இருக்க வேண்டும். ஊராட்சி மன்றத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று. பேரங்காடித் திரையரங்குகள் பெரும்பாலானவற்றில் இடைவேளை கிடையாது. ‘இடைவேளை’ என்று திரையில் எழுத்து வரும், அடுத்த விநாடியே படம் தொடரும். ‘கர்ணன்’ ஏறக்குறைய மூன்று மணி நேரம். சுருள் மாற்றும்போது எழுந்து காலாற நடந்து வந்த பழக்கத்தில் இருப்பவர்களுக்கு, அதிலும் இனிப்புநீர் உள்ளவர்களுக்கு, நடைபாதை ஓரத்து இருக்கையாகப் பார்த்துப் போட்டுக் கொடுங்கள்.